கருக்காய்

பழைய பொருள்களைத் தூக்கி எறிய மனம் வராத குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டுப் பரணில் கைப்பிடி போன மரக்கால் ஒன்று, ஓட்டை விழுந்த பித்தளைத் தவலை, தாத்தாவின் குடை, நூல் கட்டிய பஞ்சாங்கங்கள் ஆகியவற்றோடு ஒரு கணினியும் இருந்தது. 2003இல் அப்பா வாங்கிய கணினி. 2009இல் அவர் இறந்து காரியங்கள் முடிந்த மறுவாரம் நானேதான் அதை மேலே ஏற்றினேன். கீழே இருந்தால் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார் என்பது அன்று நான் சொன்ன காரணம். பதினாறு ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்டில், அதை மறுபடி கீழே இறக்க நேர்ந்தது.

எங்கள் துறையில் முதுகலை இரண்டாமாண்டு படிக்கும் மாணவி ஒருத்தி தன் ஊர் விடுகதைகளைத் தொகுத்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். முதல் இயலைக் கொண்டுவந்து காட்டினாள். நன்றாகவே இருந்தது. ஆனால் சில சொற்களில் மட்டும் எழுத்துரு மாறி மாறித் தெரிந்தது. கேட்டபோது தயங்கித் தயங்கிச் சொன்னாள்: முழுவதையும் கைப்பேசியில் தட்டச்சு செய்திருக்கிறாள், திரையின் ஓரத்தில் விரிசல், விரிசல் விழுந்த இடத்தில் ‘ண’ இருக்கிறது, அங்கே தொட்டால் எழுத்து விழாது. ஆகவே ‘ண’ வரும் சொற்களையெல்லாம் வேறெங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறாள். அவளுடைய அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி எப்போதோ பழுதாகிவிட்டது. கல்லூரி ஆய்வகம் நாலரை மணிக்குப் பூட்டப்படும். அவள் ஊருக்கான பேருந்தும் அதே நேரத்தில்தான்.

ஆய்வகத்தின் ஒரு மூலையில் பத்துப் பன்னிரண்டு கணினிகள் அட்டைப்பெட்டிகளில் அடைந்து கிடந்தன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடியப்போகிறது, அடுத்த பதிப்பு இந்த இயந்திரங்களில் ஏறாது என்பதால் ஒதுக்கப்பட்டவை. ஒன்றைத் துறைக்குத் தரலாமா என்று கேட்டேன். கழிவுப் பட்டியலில் ஏறி, ஏலம் முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்றார்கள். விதி விதிதான். அன்று மாலை வீடு திரும்பும் வழியில்தான் பரண் நினைவுக்கு வந்தது.

அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். காவிரியின் கடைமடைப் பகுதியில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவர். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்குத் தொகுத்த சொல்லகராதியைப் படித்த நாளிலிருந்து, வயலும் வாய்க்காலும் சார்ந்த சொற்களை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வந்தார். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில், யார் பேச்சையும் கேட்காமல், சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு கணினியை அசெம்பிள் செய்து வாங்கி வந்தார். செலரான் 1.7 கிகாஹெர்ட்ஸ், 128 எம்பி ரேம், 40 ஜிபி வன்தட்டு, பதினைந்து அங்குலப் புடைத்த திரை, விண்டோஸ் 98. அறுபதை நெருங்கும் வயதில் தமிழ்99 விசைப்பலகையைப் பழகினார். விசைகளின் மீது தாமே சிறு காகிதத் துண்டுகளை வெட்டி ஒட்டி, அவை தேய்ந்ததும் மறுபடி ஒட்டி, தினமும் காலையில் இரண்டு மணி நேரம் தட்டுவார்.

நான் அப்போது ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கோட்பாடுகளின் காலம். அப்பாவின் சொற்பட்டியல் எனக்கு ஒரு முதியவரின் பொழுதுபோக்காகத்தான் பட்டது. “இதைக் கொஞ்சம் பாரேன் தம்பி” என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். “பார்க்கிறேன்ப்பா” என்பேன். 2005இல் ஒரு குறுந்தகட்டில் எல்லாவற்றையும் பதிந்து என் கையில் கொடுத்தார். அதை ஒரே ஒரு முறை திறந்தேன். ஏறத்தாழ அறுநூறு சொற்கள். அகரவரிசைகூட இல்லை. மூடி வைத்துவிட்டேன். அப்பாவின் உழைப்பு முழுவதும் அந்தத் தகட்டில் பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பில்தான் இத்தனை ஆண்டுகள் கணினியைப் பற்றிய கவலையின்றி இருந்தேன். அதை அழித்து அந்தப் பெண்ணுக்குத் தருவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை.

கடைத்தெருவில் கணினி பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். மூடியைக் கழற்றியதும் அவர் முதலில் பார்த்தது தாய்ப்பலகையிலிருக்கும் கப்பாசிட்டர்களைத்தான். அந்தக் காலகட்டத்துப் பலகைகள் பலவற்றில் அவை தலை புடைத்து, கசிந்து, பலகையையே கொன்றுவிடுமாம். இதில் புடைக்கவில்லை. “அப்பா நல்ல போர்டாப் பாத்து வாங்கியிருக்காரு சார்” என்றார். தீர்ந்துபோன வட்ட பேட்டரியை மாற்றினார். விசிறியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். தம் பழைய சாமான் டப்பாவைக் கிளறி 256 எம்பி ரேம் துண்டுகள் இரண்டை எடுத்து, முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பொருத்தினார். ஆக 512 எம்பி. எங்கேயோ கிடந்த டிவிடி இயக்கி ஒன்றையும் இலவசமாக மாட்டிவிட்டார்.

மின்சாரம் கொடுத்ததும் கணினி எழுந்தது. விண்டோஸ் 98இன் மேகப் படம் வந்து அப்படியே நின்றுவிட்டது. வன்தட்டிலிருந்து டிக், டிக் என்று கடிகாரம்போல் ஓர் ஓசை. நண்பர் உடனே அணைத்தார். “இதுக்கு ஆயுசு அதிகமில்ல. வேற போட்டுடுவோம். உள்ள ஏதாச்சும் வேணுமா?” என்றார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவன், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு இப்போதும் காரணம் தெரியாது. பழக்கதோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

*

இப்போது இரண்டு வேலைகள். ஒன்று, சாகக் கிடக்கும் தட்டை அதிகம் வருத்தாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. இரண்டு, 512 எம்பியில் ஓடக்கூடிய, தமிழில் எழுதவல்ல ஓர் இயங்குதளத்தைக் கண்டுபிடிப்பது. தமிழாசிரியனுக்கு இரண்டுமே புதிது. மூன்று வாரங்கள் இரவு நேரங்களில் இதையே படித்துக்கொண்டிருந்தேன்.

விண்டோஸ் 98 கேட்ட குறைந்தபட்ச நினைவகம் 16 எம்பி. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி. அதாவது 256 மடங்கு. ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்யும் வேலையைப் பொறுத்தவரை இந்த இருபத்துச் சொச்சம் ஆண்டுகளில் நாம் 256 மடங்கு ஒன்றும் முன்னேறிவிடவில்லை. பாஸ்கல் நிரல்மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1995லேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிக்கொண்டு வருகிறது என்பது அதன் சாரம். அவர் 2024 ஜனவரி முதல் நாள் காலமானார். அவர் சொன்னதை மறுக்கும்படி யாரும் எதையும் செய்ததாகத் தெரியவில்லை.

இலேசான இயங்குதளம் என்றால் எதை இலேசாக்குகிறார்கள்? நான் புரிந்துகொண்டது இதுதான். லினக்ஸில் கரு ஒன்று உண்டு. வன்பொருளோடு பேசுவது அது. அதற்குமேல் சாளரங்களை வரைய ஒன்று, பட்டிகளும் படங்களும் காட்ட ஒன்று, பின்னணியில் சதா எதையாவது தேடிக்கொண்டும் புதுப்பித்துக்கொண்டும் இருக்கச் சில என்று அடுக்கடுக்காக ஏற்றுகிறார்கள். பெரும்பாலான எடை இந்த மேலடுக்குகளில்தான். பெரிய மேசைச்சூழலை எடுத்துவிட்டு, சாளரத்தை நகர்த்தவும் மூடவும் மட்டும் தெரிந்த ஐஸ்டபிள்யூஎம், ஜேடபிள்யூஎம் போன்ற ஒன்றை வைத்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். நூற்றுக்கணக்கான சிறு கட்டளை நிரல்களுக்குப் பதிலாக, அவை அனைத்தையும் ஒன்றாய்ச் செய்யும் பிஸிபாக்ஸ் என்ற ஒரே நிரலை வைத்தால் இன்னும் குறையும்.

இந்த வழியில் எத்தனையோ பேர் எவ்வளவு தூரமோ போயிருக்கிறார்கள். ஜான் ஆண்ட்ரூஸ் உருவாக்கிய டேம் ஸ்மால் லினக்ஸ் 50 எம்பிக்குமேல் போகக்கூடாது என்ற விரதத்தோடு வளர்ந்தது. விசிட்டிங் கார்டு அளவிலான குறுந்தகட்டில் அது அடங்கிவிடும். நெடுங்காலம் உறங்கிய அந்தத் திட்டம் 2024இல் மீண்டும் எழுந்தபோது, வரம்பை 700 எம்பி ஆக்கிக்கொண்டது. ஒரு சாதாரணக் குறுந்தகட்டின் கொள்ளளவு. டைனி கோர் 23 எம்பிதான். 46 எம்பி ரேம் இருந்தால் திரை வந்துவிடும். பப்பி லினக்ஸ் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாரி காலர் 2003இல் தொடங்கியது. அப்பா கணினி வாங்கிய அதே ஆண்டு. வன்தட்டைத் தொடாமல் குறுந்தகட்டிலிருந்து எழுந்து, போதிய இடமிருந்தால் முழுவதுமாக ரேமுக்குள் குடியேறி, அங்கிருந்தே ஓடுவது அதன் இயல்பு. ஆன்டிஎக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. பழைய இயந்திரங்களுக்கென்றே பேணப்படுவது. 2023இல் வெளியான அதன் பதிப்பு 32 பிட் கணினிகளுக்கும் கிடைக்கிறது.

படிக்கப் படிக்க இன்னொன்றும் தெரிந்தது. கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதத் தொடங்கியது 386 சில்லு பொருத்திய கணினியில். அந்த 386க்கான ஆதரவை 2013இல் லினக்ஸே கைவிட்டது. நான் பரணிலிருந்து கணினியை இறக்கிய அதே 2025 ஆகஸ்டில் டெபியனின் 13ஆம் பதிப்பு வந்தது. 32 பிட் பிசிக்களில் நிறுவுவதற்கான வழி அதில் இல்லை. முந்தைய பதிப்பை வைத்துச் சில ஆண்டுகள் ஓட்டலாம். குற்றம் சொல்வதற்கில்லை. ஊதியமில்லாமல் உழைக்கும் சிலர், உலகில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே பயன்படுத்தும் இயந்திரங்களுக்காக எத்தனை காலம்தான் சோதித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

*

தட்டைத் தொடாமல் பார்க்கப் பப்பிதான் ஏற்றது என்று முடிவு செய்தேன். 2009இல் வெளியான 4.3 வரிசையில் ஒன்று, நூறு எம்பியைச் சற்றே தாண்டிய அளவு. வெற்றுக் குறுந்தகடு கிடைப்பதுதான் இன்று பெரும்பாடு. கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோ ஒன்றில் மிச்சமிருந்த உறையிலிருந்து இரண்டு வாங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கணினி எழுந்தது, கருந்திரையில் எழுத்துகள் ஓடின, சில கேள்விகள் கேட்டது, பிறகு நீலப் பின்னணியோடு திரை வந்தது. உடனே ஒலிபெருக்கியிலிருந்து ‘லொள், லொள்’ என்று நாய் குரைத்தது. பாரி காலரின் சிவாவா நாயின் பெயரால் அமைந்த தளம் அது. திரை வந்ததும் குரைப்பது அதன் வழக்கம் என்று படித்திருந்தும் திடுக்கிட்டுவிட்டேன். அம்மா தலை நிமிர்ந்து, “அது உயிரோடதான் இருக்கா?” என்றார். அதற்குப் பிறகு கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தட்டின் படத்தைச் சொடுக்கியதும் உள்ளே இருந்தவை தெரிந்தன. ‘சொல்’ என்ற பொருளில் ஆங்கில எழுத்தில் பெயரிட்ட ஓர் உறை. குறுந்தகட்டில் நான்கு கோப்புகள்தான் இருந்தன. இங்கே பதினொன்று. கடைசிக் கோப்பு திருத்தப்பட்ட நாள் 2009 ஜூன் 14. அப்பா இறந்தது அடுத்த மாதம். 2005இல் எனக்கு ஒரு படி கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் என்னிடம் எதுவும் சொல்லாமல் அவர் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்.

பென்டிரைவைச் செருகி எல்லாவற்றையும் படியெடுக்கத் தொடங்கினேன். அந்த டிக் டிக் ஓசை வந்து வந்து போயிற்று. ஒவ்வொரு முறை அது வரும்போதும் திரையில் நகரும் பட்டை நிற்கும். ஏழாவது கோப்பில் நான்கு நிமிடங்கள் நின்றது. எழுந்து போகவும் முடியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. பிறகு நகர்ந்தது. பதினொன்றும் வந்து சேர்ந்தன. எழுத்துருக்கள் இருந்த உறையையும் எடுத்துக்கொண்டேன். நல்லவேளை அது தோன்றியது.

கோப்பைத் திறந்தால் தமிழ் இல்லை. தலையில் கொம்பும் காலில் வாலும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிவரியாக நின்றன. அப்பா பயன்படுத்தியது, 1999இல் தமிழ்நாடு அரசு தரமென அறிவித்த டாப் குறியாக்கத்தில் அமைந்த ஓர் எழுத்துரு. அந்தக் காலத்தில் எல்லாரும் செய்தது போலவே, மேலைமொழி எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் உள்ளே இருப்பது தமிழ் என்பதே கணினிக்குத் தெரியாது. நான் எடுத்துவைத்திருந்த எழுத்துருவைப் பப்பியின் எழுத்துரு உறைக்குள் போட்டு, எழுதுநிரலை மூடித் திறந்தேன். அப்பாவின் தமிழ் அப்படியே வந்து நின்றது.

அதே தளத்தில், நான் இன்றைய ஒருங்குறியில் எழுதிய கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தேன். பெட்டி பெட்டியாகத் தெரிந்தது. தமிழ் எழுத்துருவே அதில் இல்லை. வேறொரு குட்டித் தளத்தில் எழுத்துருவைச் சேர்த்த பிறகும், சிறிய உலாவி ஒன்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. ‘கெ’ என்பதை ஒருங்குறியில் ககரமும் அதன்பின் கொம்புமாகத்தான் சேமிக்கிறார்கள். காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர எழுத்துகளை இழைக்கும் நிரல் ஒன்று தேவை. இன்று பெரும்பாலான இடங்களில் அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ். இலேசாக்குகிறவர்கள் மொழிக்கோப்புகளையும் எழுத்துருக்களையும் இழைக்கும் நிரலையும் முதலில் இறக்கி வைத்துவிடுகிறார்கள். அவர்களுடைய வீட்டில் அது தேவைப்படுவதில்லை.

இது வன்மத்தால் நடப்பதல்ல. ஆனாலும் ஒன்றைக் கணக்குப் பார்த்தேன். ஒரு தமிழ் எழுத்துருவின் எடை ஒரு எம்பியில் கால்பங்குகூட இல்லை. அந்தத் தளங்கள் திரைக்குப் பின்னணியாக வைத்திருக்கும் மலைக்காட்சிப் படங்கள் சில அதைவிடப் பெரியவை. எது சுமை, எது சரக்கு என்பதைத் தராசு தீர்மானிப்பதில்லை. மூட்டை கட்டுகிறவர் தீர்மானிக்கிறார். இதைப் புரிந்துகொள்ள ஐம்பதை நெருங்கும் வயதில் எனக்கு ஒரு கணினி தேவைப்பட்டது. என் அப்பாவின் அறுநூறு சொற்களைச் சுமையென்று ஒதுக்கி வைத்தவன்தானே நானும்.

*

அன்றிரவு பதினொரு கோப்புகளையும் படித்தேன். அறுநூறு இப்போது ஆயிரத்து நானூறைத் தாண்டியிருந்தது. சேடை, பரம்பு, அண்டை வெட்டு, தாளடி, தூற்றல். ஒவ்வொன்றுக்கும் பொருள், யார் வாயால் கேட்டது, எந்த ஊர் என்ற குறிப்புகள். நெல் அளக்கும்போது ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்குவது, பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பது, மணி பிடிக்காத கதிரைச் ‘சாவி’ என்பது எல்லாம் இருந்தன. கருக்காய் என்ற சொல்லுக்கு இப்படி எழுதியிருந்தார்: “பாதி மணி பிடித்த நெல். தூற்றும்போது பதரோடும் போகாது, நெல்லோடும் சேராது, இடையில் விழும். பதர் என்று எண்ணிக் கொட்டிவிடக் கூடாது. கோழிக்கு ஆகும்.”

2005க்குப் பிந்தைய கோப்புகளில் சில சொற்களுக்கு எதிரே ஒரு கேள்விக்குறியும் ‘தம்பியைக் கேட்க’ என்ற இரு சொற்களும் இருந்தன. எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொரு இடங்கள். ‘இச்சொல் பழைய நூல்களில் வருகிறதா? தம்பியைக் கேட்க.’ ‘இது திசைச்சொல்லா? தம்பியைக் கேட்க.’ எல்லாம் தமிழ் படித்த மகனிடம் கேட்பதற்காகக் குறித்து வைத்த ஐயங்கள். நான் ஊருக்குப் போன நாட்களில் அவற்றில் ஒன்றையாவது கேட்டாரா, கேட்டு நான் ‘பார்க்கிறேன்ப்பா’ என்றேனா, நினைவில்லை.

பதர் என்ற சொல்லுக்கு எதிரேயும் அது இருந்தது. ‘இதற்குப் பழைய வழக்கு உண்டா? தம்பியைக் கேட்க.’ உண்டு. பதடி. திருக்குறளில் பயனில சொல்லாமை அதிகாரத்தில், 196ஆம் குறளில் வருகிறது. பயனற்ற சொற்களைப் பாராட்டிப் பேசுகிறவனை மனிதருள் பதர் என்று சொல்கிற குறள். பல ஆண்டுகளாக நான் வகுப்பில் நடத்திவருகிற குறள். கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பேன்.

*

அந்தப் பெண்ணுக்கான வேலை மிச்சமிருந்தது. நண்பரிடம் வேறொரு பழைய வன்தட்டை முந்நூறு ரூபாய்க்கு வாங்கி மாட்டி, ஆன்டிஎக்ஸை நிறுவினோம். ஒரே கட்டளையில் லோகித் தமிழ் எழுத்துரு வந்தது. இன்னும் இரண்டு கட்டளைகளில் தமிழ்99 விசைப்பலகை வந்தது. எழுதுவதற்கு அபிவேர்ட். எழுந்து வர ஒன்றரை நிமிடம் எடுக்கிறது. எழுந்தபின் தட்டச்சுக்குத் தடையே இல்லை. கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

எல்லாம் ஓடுகிறது என்று சொன்னால் பொய்யாகிவிடும். இணையப் பக்கங்களை அதில் திறப்பது வீண். தளத்தை எவ்வளவு இலேசாக்கினாலும் இன்றைய இணையப் பக்கங்கள் இலேசாவதில்லை. ஒரு செய்தித்தளத்தைத் திறந்தால் ரேம் முழுவதும் நிறைந்து, தட்டு முனகத் தொடங்கிவிடும். புடைத்த திரை மின்சாரத்தைக் குடிக்கிறது. பதினாறு ஆண்டுக்கு முந்தைய பப்பியை இணையத்தோடு இணைப்பது பாதுகாப்பும் அல்ல. பழைய கோப்புகளைப் பார்க்க மட்டுமே அதைப் பயன்படுத்தினேன். கையில் இருபதாயிரம் ரூபாய் உள்ளவரிடம் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். எழுத மட்டும் ஓர் இயந்திரம் வேண்டும், செலவழிக்க ஆயிரம் ரூபாய்தான் உண்டு என்பவருக்கு இது போதும். எங்களுக்கு ஆன மொத்தச் செலவு, டிவிடி, பேட்டரி உட்பட, எழுநூற்று நாற்பது ரூபாய்.

கணினி இப்போது எங்கள் துறை நூலக அறையில் இருக்கிறது. அவள் காலையில் முதல் பேருந்தில் வந்து ஒரு மணி நேரம் தட்டுகிறாள். முதல் நாள் உட்கார்ந்ததும் விசைப்பலகையை உற்றுப் பார்த்து, “ஐயா, இதுல யாரோ காகிதம் ஒட்டியிருக்காங்க, எடுத்துரட்டுமா?” என்றாள். வேண்டாமென்றேன். ‘ண’ நன்றாக விழுகிறதா என்று கேட்டேன். விழுகிறது என்றாள்.

அப்பாவின் வன்தட்டை ஒரு பழைய வேட்டித் துண்டில் சுற்றிப் பீரோவில் வைத்திருக்கிறேன். அது இன்னும் சுழலுமா என்று சோதித்துப் பார்க்கவில்லை. கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற இதற்கென எழுதப்பட்ட மாற்றிகள் உதவின. ஆனாலும் ‘ஔ’ வரும் இடங்களும் சில நிறுத்தற்குறிகளும் உடைந்துபோயின. வரிவரியாகத் திருத்தி வருகிறேன். அவர் எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. கேள்விக்குறி உள்ள இடங்களில் மட்டும் கீழே என் விடையை எழுதுகிறேன்.

இருபத்தாறு கேள்விகளுக்கு எழுதிவிட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் சங்க நூற் சொல்லடைவுகளும் கைகொடுத்தன. மீதிப் பதினைந்து எந்த அகராதியிலும் இல்லை. அவற்றின் எதிரே அப்பா குறித்திருக்கும் பெயர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். விரல்விட்டு எண்ணி, நாலு பேர் என்றார். வரும் தை அறுவடைக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.